ஊர் சொல்லும் எடை, உடல் கேட்கும் எடை

பெங்களூரிலோ திருப்பூரிலோ வேலை பார்க்கும் பிள்ளை பொங்கலுக்கு வீடு திரும்பினால், தருமபுரி மாவட்டத்துக் கிராமங்களில் முதல் விசாரிப்பு உடம்பைப் பற்றித்தான். “என்ன கண்ணு, இப்படி எளைச்சுப் போயிட்ட?” என்பார் ஒருவர். “நல்லா ஒடம்பு போட்டுட்டியே” என்பார் அடுத்த வீட்டுக்காரர். இரண்டிலும் அக்கறை இருக்கிறது. ஆனால் அந்தப் பிள்ளைக்கு வயது பதினாறு என்றால், அல்லது வீட்டில் வரன் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றால், அதே சொற்கள் வேறு விதமாக உள்ளே இறங்கும். அன்று இரவு சாப்பாடு பாதியில் நிற்கும்.

பெண் பார்க்க வருகிறவர்கள் “பொண்ணு இன்னும் கொஞ்சம் பூசினாப்பல இருந்தா நல்லாயிருக்கும்” என்கிறார்கள். கைப்பேசியைத் திறந்தாலோ கொடியிடைகள்தான் வரிசையாக வருகின்றன. பையன்களுக்கும் இதே கதைதான். மெலிந்திருந்தால் ‘நோஞ்சான்’, கொஞ்சம் சதை வைத்தால் ‘தொப்பை’, இரண்டும் இல்லாவிட்டால் ‘இன்னும் பாடி ஏத்தலையா?’ என்ற கேள்வி. பழைய ஊர் ஒரு பக்கமும் புதிய திரை மறுபக்கமுமாக இழுக்க, நடுவில் நிற்கும் உடலுக்கு என்ன தேவை என்று கேட்க யாருக்கும் நேரமில்லை.

இந்த இழுபறி எவ்வளவு சாதாரணமாகிவிட்டது என்பதை 2025 நவம்பரில் சென்னையில் நடந்த ஒரு திரைப்படச் செய்தியாளர் சந்திப்பு காட்டியது. ‘96’ படத்தில் பள்ளிப்பருவ ஜானுவாக நடித்த கௌரி கிஷன், தன் புதிய படமான ‘அதர்ஸ்’ தொடர்பாக அங்கே வந்திருந்தார். அவரைத் தூக்கி நடித்த கதாநாயகனிடம், நடிகையின் எடை பற்றி ஒரு யூடியூபர் முன்பு கேட்டிருந்தார். என் எடைக்கும் படத்துக்கும் என்ன தொடர்பு என்று கௌரி நேருக்கு நேர் கேட்டார். அறையிலிருந்த சிலர் அந்தக் கேள்வியில் தவறே இல்லை என்று வாதாடினார்கள். தென்னிந்திய நடிகர் சங்கம் கண்டனம் தெரிவித்தது. கேள்வி கேட்டவர் பின்னர் வருத்தம் தெரிவித்தார். ஒலிவாங்கியும் கேமராவும் சூழ இருந்த ஒரு நடிகையே தனியாக நின்று வாதாட வேண்டியிருந்தது. அரூரிலோ பாலக்கோட்டிலோ ஒரு வகுப்பறையில் இதே கேலிக்கு ஆளாகும் மாணவிக்கு வாதாட எந்த மேடையும் இல்லை.

ஒரே கூரையின் கீழ்

எடை பற்றிய பேச்சு வெறும் அழகுப் பேச்சாக இருந்தால் அதைப் புறந்தள்ளிவிடலாம். அப்படி இல்லை என்பதுதான் சிக்கல். 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 விழுக்காட்டினரும், அதே வயது ஆண்களில் 37 விழுக்காட்டினரும் மிகை எடை கொண்டவர்கள். 2015-16 ஆய்வில் இது பெண்களிடம் 30.9, ஆண்களிடம் 28.2 ஆக இருந்தது. சுமார் ஐந்தே ஆண்டுகளில் ஏறத்தாழ பத்துப் புள்ளி ஏற்றம்.

அதே ஆய்வு இன்னொரு பக்கத்தையும் காட்டுகிறது. பெண்களில் 12.6 விழுக்காட்டினர் இருக்க வேண்டிய எடைக்கும் கீழே இருக்கிறார்கள். 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. எடை கூடிய பெண்களிலும் கணிசமானோர் ரத்தம் குறைந்தவர்கள். உடம்பு பெருத்திருந்தால் சத்து நிறைந்திருக்கும் என்ற நினைப்பு இங்கே உடைகிறது. ஒரே வீட்டில் தாய்க்குச் சர்க்கரை, மகளுக்கு ரத்தசோகை, இரண்டும் ஒரே குழம்புச் சட்டியைச் சுற்றி நடக்கின்றன.

ஆகவே, ‘இளைத்துவிடு’ என்றோ ‘உடம்பைத் தேற்று’ என்றோ எல்லோருக்கும் ஒரே அறிவுரை சொல்ல முடியாது. யாருடைய உடல், அது எங்கே வளர்ந்தது, எதைத் தின்று எதைச் செய்து இந்த வடிவத்துக்கு வந்தது என்ற கேள்விகள் முதலில் வர வேண்டும். அதற்குத் தருமபுரியைவிடப் பொருத்தமான மாவட்டம் அரிது.

உடம்பில் பதிந்த ஊர்

தருமபுரிக்காரர்களின் பல்லிலிருந்தே தொடங்கலாம். பென்னாகரம், காரிமங்கலம், பாலக்கோடு, நல்லம்பள்ளி பகுதிகளில் பலருக்குப் பற்களில் மஞ்சளும் பழுப்புமாகக் கறை உண்டு. ‘பல் விளக்க மாட்டாயா?’ என்று வெளியூரில் கேட்பார்கள். நேர்காணலுக்குப் போகும் இளைஞன் வாயை மூடியபடியே சிரிப்பான். புகைப்படத்தில் பெண்கள் உதட்டைப் பிரிக்கவே மாட்டார்கள். எவ்வளவு தேய்த்தாலும் அந்தக் கறை போகாது. பாறைகளிலிருந்து நிலத்தடி நீரில் கரைந்து வரும் ஃப்ளூரைடு, பல் உருவாகும் சிறு வயதிலேயே எனாமலுக்குள் பதித்துவிட்ட கறை அது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பை ஃப்ளூரைடு தாண்டினால் பல்லும், மிக அதிகமாகிப் பல ஆண்டுகள் நீடித்தால் எலும்பும் பாதிக்கப்படும். இதற்காகவே ஜப்பானியக் கடனுதவியுடன் 1,928.80 கோடி ரூபாய் மதிப்பில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தீட்டப்பட்டு, 2013இல் செயல்பாட்டுக்கு வந்தது. தனி மனிதரின் சோம்பல் என்று கேலி செய்யப்பட்ட ஒன்றைச் சரிசெய்ய, காவிரியையே குழாய் வழியாகக் கொண்டுவர வேண்டியிருந்தது.

எடையும் இப்படித்தான்.

வானம் பார்த்த நிலம் நிறைந்த மாவட்டம் இது. கேழ்வரகு, சாமை, கம்பு, சோளம், கொள்ளு, அவரை, நிலக்கடலை என்று மழைக்கு ஏற்ப விளைந்தவையே தட்டில் இருந்தன. களி உருண்டையைக் கீரைக் கடைசலோடு சாப்பிட்டுவிட்டு நாள் முழுக்கக் காட்டில் வேலை செய்த உடல்கள் மெலிந்துதான் இருந்தன. அந்த மெலிவில் உழைப்பும் இருந்தது, பற்றாக்குறையும் இருந்தது. பஞ்ச காலங்களில் முதலில் வெறும் வயிறோடு படுத்தவர்கள் பெண்கள். இன்று நிலைமை வேறு. தமிழகத்தில் 2011 முதல் ரேஷன் அரிசி விலையில்லாமலே கிடைக்கிறது. பட்டினியை விரட்டியதில் அந்த அரிசிக்குப் பெரும் பங்கு உண்டு; அதை மறந்துவிட்டுப் பேசுவது நியாயமில்லை. கூடவே இன்னொன்றும் நடந்தது. மூன்று வேளையும் அரிசி வந்தது, பருப்பும் கீரையும் அந்த அளவுக்குப் பெருகவில்லை. ஏரோட்டியவரின் பிள்ளை ஓசூர் ஆலையில் ஒரே இடத்தில் நின்று இயந்திரத்தைக் கவனிக்கிறார். நடந்து போன தூரத்துக்கு இருசக்கர வாகனம் வந்தது. டீக்கடை பஜ்ஜியும் பத்து ரூபாய் பாக்கெட் தின்பண்டமும் குக்கிராமம் வரை போயின.

இப்படிப் பெருத்த வயிறு முழுக்க முழுக்கத் தனி மனிதரின் நாக்கு போட்டதல்ல. இரண்டு தலைமுறைகளின் நிலம், வேலை, அங்காடி மூன்றும் சேர்ந்து போட்டது. எடை கூடியவரை ‘கட்டுப்பாடு இல்லாதவர்’ என்று திட்டுவது, ஃப்ளூரைடு படிந்த பல்லைப் பார்த்து ‘பல் விளக்காதவன்’ என்று சொல்வதற்குச் சமம்.

ஒரே எண், இரண்டு உடல்கள்

நலமான எடை எது என்று கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் பதில் பி.எம்.ஐ. கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் எண் இது. இந்தக் கணக்கைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் உருவாக்கிய அடால்ஃப் கெட்லே மருத்துவர் அல்லர். பெல்ஜியத்தைச் சேர்ந்த கணித, வானியல் அறிஞர். மக்கள்கூட்டத்தின் சராசரியை அறியவே அவர் இதைப் பயன்படுத்தினார். 1972இல் அமெரிக்க ஆய்வாளர் ஆன்செல் கீஸ் இதற்கு இன்றைய பெயரைச் சூட்டினார். தனி மனிதரின் நலத்தை இது ஒன்றே சொல்லிவிடும் என்று இருவருமே கருதவில்லை.

இதன் எல்லையை ஒரு புகைப்படம் உலகுக்குக் காட்டியது. புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த மருத்துவர் ஜான் யுட்கினும் அருகருகே நிற்கும் படம், 2004இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்தது. இருவருக்கும் பி.எம்.ஐ. ஒன்றேதான்: 22.3. யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கோ 21.2 விழுக்காடு. பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு. தசை குறைந்து, வயிற்றைச் சுற்றியும் ஈரலிலும் கொழுப்பு சேரும் இந்த அமைப்பு இந்தியர்களிடம் பரவலாக உள்ளது. சத்துக்குறைவான தாய்க்கு எடை குறைவாகப் பிறக்கும் குழந்தைகளிடமே இது தொடங்குகிறது என்பதை யாஜ்னிக்கின் புனே ஆய்வுகள் எடுத்துக்காட்டின. பாட்டியின் பட்டினி பேரனின் சர்க்கரையில் வந்து நிற்பது இப்படித்தான்.

இந்தக் காரணத்தால் இந்திய மருத்துவர்கள் வரம்பைத் தாழ்த்தி வைத்திருக்கிறார்கள். உலக அளவில் 25 வரை இயல்பு என்றால், இங்கே 23 தொட்டாலே கவனம் வேண்டும். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கும் மேலே போகக்கூடாது.

இதை நம் ஊர் அளவில் போட்டுப் பார்க்கலாம். 155 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண்ணுக்கு இயல்பான எடை சுமார் 44.5 கிலோவிலிருந்து 55 கிலோ வரை. 168 சென்டிமீட்டர் உயரமுள்ள ஆணுக்கு 52 முதல் 64.5 கிலோ வரை. பத்து, பன்னிரண்டு கிலோ அகலமுள்ள இடைவெளி இது. அந்தப் பெண்ணின் உயரத்தில் 46 கிலோ உள்ளவரும் நலம், 54 கிலோ உள்ளவரும் நலம். இருவரும் பார்வைக்கு வேறு வேறாகவே இருப்பார்கள். ஒருவரைக் காட்டி மற்றவரைத் திருத்த மருத்துவத்தில் எந்த நியாயமும் கிடையாது.

தராசே இல்லாத வீட்டிலும் ஒரு சோதனை செய்துகொள்ளலாம். உச்சந்தலை முதல் பாதம் வரை உயரத்தை ஒரு கயிற்றில் அளந்து, அதைச் சரிபாதியாக மடித்து, தொப்புளுக்குச் சற்று மேலே இடுப்பைச் சுற்றிப் பார்க்க வேண்டும். கயிறு எட்டினால் நிம்மதி. எட்டாவிட்டால் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொள்வது நல்லது. ஒல்லியாக இருப்பவர்களும் இதைச் செய்ய வேண்டும். தொப்பை மட்டும் தனியே தள்ளிய மெலிந்த ஆண்கள் இங்கே நிறையப் பேர்.

பட்டினி கிடந்தால் என்ன ஆகும்?

பி.எம்.ஐ.க்குப் பெயர் வைத்த அதே கீஸ், இரண்டாம் உலகப் போரின் இறுதிக்கட்டத்தில் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஒரு சோதனை நடத்தினார். மன, உடல் நலம் மிக்க 36 இளைஞர்கள் தாமாக முன்வந்தார்கள். ஆறு மாதங்களுக்கு அவர்களுக்குக் கிடைத்தது நாளொன்றுக்குச் சுமார் 1,600 கலோரி. உடல் எடையில் ஏறத்தாழ கால்வாசி போயிற்று. அதோடு நிற்கவில்லை. எந்நேரமும் குளிர், எரிச்சல், சோர்வு. பேச்செல்லாம் சாப்பாட்டைப் பற்றி; சிலர் சமையல் குறிப்புகளைச் சேகரிக்கத் தொடங்கினார்கள். கட்டுப்பாடு நீங்கியதும் வயிறு நிறைந்தும் நிறுத்த முடியாமல் சாப்பிட்டவர்கள் பலர். இன்று கைப்பேசியில் சுற்றும் ‘பத்தே நாளில் பத்துக் கிலோ’ திட்டங்களில் பல, அந்த இளைஞர்களுக்குக் கொடுத்ததைவிடக் குறைவான உணவையே அனுமதிக்கின்றன. டயட்டை விட்டதும் எடை திரும்பி வருவதை மனஉறுதியின் தோல்வி என்று நினைத்து அழுகிறவர்கள் இந்தச் சோதனையை அறிந்துகொள்ள வேண்டும். பட்டினியிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளும் உடலின் வேலை அது.

பிம்பம் எவ்வளவு விரைவாக மனத்தை மாற்றும் என்பதற்குப் பசிபிக் தீவான ஃபிஜி சான்று. கொழுகொழு உடலைப் போற்றிய சமூகம் அது. அங்கே நாட்ரோகா பகுதிக்கு 1995இல் தொலைக்காட்சி வந்தது. ஹார்வர்டைச் சேர்ந்த ஆன் பெக்கர் பள்ளி மாணவிகளிடம் ஆய்வு செய்தார். எடையைக் குறைக்க வாந்தி எடுப்பதாகச் சொன்ன மாணவி 1995இல் ஒருவர்கூட இல்லை. மூன்றே ஆண்டுகளில், 1998இல், 11.3 விழுக்காடு. அது வீட்டுக்கு ஒரு பெட்டி என்ற காலம்கூட அல்ல. இன்று ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒரு திரை இருக்கிறது.

கேரளத்தில் 2025 மார்ச்சில் ஒரு கல்லூரி மாணவி இறந்தபோது, இணையத்தில் பார்த்த உணவு முறைகளைப் பின்பற்றி மாதக்கணக்கில் உணவைச் சுருக்கியது செய்தியானது. ‘அனோரெக்ஸியா’ என்ற உணவு மறுப்பு நோயை அப்போதுதான் பலர் முதன்முறை கேள்விப்பட்டார்கள். நகரத்துப் பணக்கார வீட்டு நோய் என்று இதை ஒதுக்க முடியாது. அறிகுறிகளைத் தாய்மார்கள் தெரிந்துகொள்ளலாம்: சேர்ந்து சாப்பிடுவதைத் தவிர்ப்பது, சாப்பிட்டவுடன் குளியலறைக்குப் போவது, மாதவிலக்கு நின்றுபோவது, தலைமுடி கொத்தாக உதிர்வது, மயக்கம், மெலிந்த பின்னும் ‘இன்னும் குண்டாகத்தான் இருக்கிறேன்’ என்று சொல்வது. பையன்களிடம் இது வேறு வடிவில் வரும். தசை ஏற்றுவதற்கென்று மருத்துவர் சீட்டில்லாமல் போட்டுக்கொள்ளும் ஸ்டீராய்டு ஊசி இதயத்தையும் ஈரலையும் கெடுக்கும். விந்தணு உற்பத்தியையும் முடக்கும்.

எடை குறைக்கும் புதிய ஊசிகளும் வந்துவிட்டன. மவுஞ்சாரோ 2025 மார்ச்சிலும், வெகோவி அதே ஆண்டு ஜூனிலும் இந்தியச் சந்தைக்கு வந்தன. நீரிழிவும் கடும் உடற்பருமனும் உள்ளவர்களுக்கு மருத்துவர் கண்காணிப்பில் பயன் தருபவை அவை. கல்யாணத்துக்குள் ஐந்து கிலோ குறைக்க நினைக்கும் 56 கிலோ பெண்ணுக்கானவை அல்ல.

முள் அசையாமலே வந்த நலம்

நலமாக வாழ எடை குறைந்தே தீர வேண்டுமா? சென்னையிலிருந்து ஒரு முக்கியமான பதில் உண்டு. நீரிழிவு நிபுணர் அ. ராமச்சந்திரனும் குழுவினரும், சர்க்கரை நோயின் விளிம்பில் நின்ற 531 பேரைச் சுமார் மூன்று ஆண்டுகள் கவனித்து, முடிவை 2006இல் வெளியிட்டார்கள். ஒரு பிரிவினருக்கு அன்றாடம் அரைமணி நேரம் விறுவிறு நடையும், அளவான அரிசி, குறைந்த எண்ணெய், குறைந்த சர்க்கரை, கூடுதல் நார்ச்சத்து கொண்ட உணவும் பரிந்துரைக்கப்பட்டன. அவர்களிடம் நீரிழிவு வரும் அபாயம் 28.5 விழுக்காடு குறைந்தது. வியப்பு என்னவென்றால், அவர்களின் எடை குறிப்பிடும்படி குறையவில்லை. தராசின் முள் அசையாதபோதும் உடலுக்குள் நன்மை நடந்துகொண்டிருந்தது. எடை இறங்கவில்லை என்று நடையை நிறுத்திவிடுகிறவர்கள் நினைவில் வைக்க வேண்டிய ஆய்வு இது.

மிகை எடை கொண்டவர்கள் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பங்கு குறைத்தாலே ரத்த அழுத்தமும் சர்க்கரையும் நன்றாக இறங்கும். 80 கிலோ உள்ளவர் 74, 75க்கு வந்தால் அது பெரிய வெற்றி. அவர் 55க்கு வர வேண்டியதில்லை.

தருமபுரியின் பழைய சமையல் இதற்குத் துணை நிற்கும். ‘இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்று ஊர் சொல்கிறது. கொள்ளுக்குக் கொழுப்பைக் கரைக்கும் மந்திர சக்தி இல்லை; ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் புரதமும் நிறைய நார்ச்சத்தும் இருப்பதால் பசி தாங்கும். எள்ளில் எண்ணெய்ச் சத்தும் புரதமும் மிகுதி; மெலிந்தவர் உடல் தேற உதவும். இரண்டு உடலுக்கு இரண்டு உணவு என்ற தெளிவு அந்தப் பழமொழியில் இருக்கிறது.

2023 மே மாதம் நீலகிரி, தருமபுரி ஆகிய இரு மாவட்டங்களின் ரேஷன் கடைகளிலும் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு தரும் திட்டம் தொடங்கியது. 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. அரிசியில் அதன் சிறு துளிதான். ஆனாலும் கேழ்வரகும் பெரும்பாலும் மாவுச்சத்தே. மூன்று உருண்டைக் களிக்குப் பதில் ஒன்றரை உருண்டையும், மீதி இடத்தில் அவரைக்கொட்டைக் குழம்பும் கீரையும் முட்டையும் வந்தால்தான் பலன். கூழாகக் கரைத்து சர்க்கரை சேர்த்துக் குடித்தால் ரத்தச் சர்க்கரை விரைவாக ஏறும்.

எடை குறைந்தவர்களுக்கும் வழி இருக்கிறது. ‘எவ்வளவு தின்னாலும் ஒட்டாது’ என்று விட்டுவிடாமல் ரத்தசோகை, குடற்புழு, தைராய்டு, காசநோய் இவை உண்டா என்று பார்க்க வேண்டும். பிறகு வேர்க்கடலை, எள்ளுருண்டை, பால், முட்டை, பயறு. கூடவே தசை வளர ஓரளவு பளுவான பயிற்சி.

அரசு செய்தது, இனி செய்ய வேண்டியது

வீடு தேடி வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கப்பட்டது பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். 2023 நவம்பரில் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை குறிக்கப்பட்டது. நல்ல தொடக்கம். ஆனால் மாவட்ட மக்களில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டோர் கிராமங்களில் வாழ்கிறார்கள். காலை ஆறு மணிக்கு, பாத்திரம் கழுவாமல், யாருடைய பார்வைக்கும் கூசாமல் ஒரு பென்னாகரம் பெண் நடக்க முடிகிற தெருவும், அந்த நேரத்தில் அடுப்பைப் பார்த்துக்கொள்ளும் கணவரும் இருந்தால்தான் அந்தத் திட்டம் அவருக்கு எட்டும்.

மனம் கனத்தவர்களுக்கு ‘டெலி மானஸ்’ என்ற அரசின் இலவசத் தொலைபேசி உதவி 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கிடைக்கிறது, தமிழிலேயே பேசலாம். உணவு மறுப்பு அறிகுறிகள் தெரிந்தால் அரசு தருமபுரி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அணுகலாம்.

பள்ளிகள் நாளையே தொடங்கக்கூடிய ஒரு காரியமும் உண்டு. மாணவர்களின் உயரமும் எடையும் பள்ளிகளில் அளக்கப்படுகின்றன. பல இடங்களில் வரிசையில் நிற்கும் எல்லோர் காதிலும் விழும்படி அந்த எண்கள் உரக்கப் படிக்கப்படுகின்றன. அன்று கிடைத்த பட்டப்பெயர் பத்தாம் வகுப்பு வரை தொடரும். எடையைச் சொல்லிக் கேலிக்கு ஆளாகும் பிள்ளைகள் விளையாட்டிலிருந்தே ஒதுங்குகிறார்கள், எடை மேலும் கூடுகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. திரைக்குப் பின்னால் ஒவ்வொருவராக அளந்து, எண்ணைச் சீட்டில் எழுதி, வளர்பருவத்தில் எடை கூடுவது இயல்பு என்ற ஒரு வரியையும் சேர்த்துப் பெற்றோருக்கு அனுப்ப எந்த நிதி ஒதுக்கீடும் தேவையில்லை. தலைமை ஆசிரியர் ஒருவர் முடிவெடுத்தால் போதும். அடுத்த அளவெடுப்பு நாளிலேயே அது நடக்கும்.